திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அடுக்களையும் களஞ்சியமும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் கோயிலையும், பிறெடெரிக் கோட்டையையும், உலகப் பெருந்துறைகளுள் ஒன்றென எண்ணப்படும் அதன் உட்டுறைமுகத்தையுமே எழுதினர். கோயிலில் வழிபட்டோரும் கோட்டையைக் காத்தோரும் துறைமுகத்தில் உழைத்தோரும் நாடோறும் உண்டனர் என்பதும், அவ்வுணவு ஆக்கப்பட்ட இடமொன்று ஒவ்வொரு மனையிலும் இருந்தது என்பதும் அவ்வரலாறுகளிற் காண்டற்கரியன. அரசர் பெயரும் படைத்தலைவர் பெயரும் அடுக்களையிற் பொறிக்கப்படுவதில்லை. கரி படிந்த சுவர் கல்வெட்டாகக் கருதப்படுவதுமில்லை. எனினும் அடுப்பை எங்கே வைப்பது, நீரை எங்கே வைப்பது, எத்தனை நாளைக்கு வேண்டிய பொருளை எங்கே சேர்த்துவைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரு மக்கட்கூட்டம் காலந்தோறும் கூறிவந்த விடை, அம்மக்களின் வாழ்வைக் கோட்டை மதிலினும் தெளிவாகக் காட்டவல்லது. பழைய அடுக்களை மூன்றாம் வினாவையே முதலாவதாகக் கொண்டது. புதிய அடுக்களை அதனை இறுதிக்குத் தள்ளிற்று, சிலபோது கேட்கவே மறந்தது. இம்மாற்றம் நிகழ்ந்தவாறும், அதனால் விளைந்த இடர்ப்பாடும் ஆராயத்தக்கன.

சொல்லே இவ்வாராய்ச்சிக்கு முதற்சான்று. அடுதல் என்பது சமைத்தல். அதன்வழி வந்த அட்டில், அடுக்களை என்பனவும், கோயிலுக்குரிய மடைப்பள்ளி என்பதும் தமிழிற் பழமையானவை. ஆயினும் ஈழத்துத் தமிழர் இல்லங்களிற் பேச்சில் வழங்குவது குசினி என்னும் சொல்லாகும். இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. மேசை, அலுமாரி, கோப்பை, பீரிசு என்பனவும் அவ்வழி வந்தனவே. மேசையில் இழுத்து அடைக்கும் அறைக்கு வழங்கும் லாச்சி என்பது ஒல்லாந்தர் தந்த சொல். போர்த்துக்கேயர் 1620-களிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். 1639-இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆகவே திருகோணமலையிற் போர்த்துக்கேயர் ஆட்சி இருபதாண்டும் நிலைக்கவில்லை. அக்குறுகிய காலத்தில் அவர் சொற்கள் இங்குள்ள அடுப்படிவரை புகுந்தன என்பதினும், யாழ்ப்பாணம், மன்னார் முதலிய கரையோரங்களில் வேரூன்றிய பின்னரே இங்கும் பரவின என்று கொள்வதே பொருத்தமாகும்.

இச்சொற்களை நிரைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அடுப்பு, உறி, பரண், பானை, சுளகு, அம்மி, உரல் என்பன தமிழ்ச்சொற்கள். அலுமாரியும் லாச்சியும் மேசையும் பிறமொழிச் சொற்கள். அதாவது தொங்கவிட்டும், உயர ஏற்றியும், அடுக்கியும் பொருளைக் காத்தல் இந்நாட்டு முறை. கதவிட்டு மூடியும் பெட்டியுள் இழுத்து அடைத்தும் காத்தல் கடல்கடந்து வந்த முறை. பெட்டகம் ஒன்று இவ்விதிக்கு விலக்காக நிற்கும். ஆயின் அது பெரும்பாலும் துணியும் நகையும் உறுதியும் வைத்தற்குரியதாயிற்றேயன்றி அரிசி வைத்தற்கு அன்று.

பழைய மனைகளில் அடுக்களை தலைவீட்டோடு ஒட்டாது தனித்து நின்றது. கிடுகு வேய்ந்த கூரைக்குத் தீ ஓர் இடையறா அச்சம் ஆதலின், தீயுள்ள கூரையைத் துயிலும் கூரையினின்று பிரித்தல் இன்றியமையாததாயிற்று. அவ்வாறு பிரித்த கொட்டிலை எம்மூலையில் நிறுத்துவது? மனைநூலார் தென்கிழக்காகிய அக்கினி மூலையை முதலாவதாக விதித்தனர். அது வாயாவிடத்து வடமேற்காகிய வாயு மூலையைக் கூறினர். சிவாலயங்களில் மடைப்பள்ளி தென்கிழக்கில் அமைவதும் இவ்விதி பற்றியே. இதனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். அவர்கள் திருகோணமலையின் காற்றை நோக்குவாராக. வைகாசி தொடங்கி ஆவணிவரை வறண்டு வீசும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. ஐப்பசி தொட்டுத் தைவரை மழையொடு வரும் வாடை வடகிழக்கிலிருந்து வருவது. இரண்டும் ஒரே மூலைவிட்டத்தின் இரு முனைகள். தென்கிழக்கு மூலையும் வடமேற்கு மூலையும் அம்மூலைவிட்டத்திற்கு ஒதுங்கியவை. ஆகவே அவ்விரு மூலைகளில் எழும் புகையும் பொறியும் எக்காற்று வீசினும் வீட்டின்மேற் செல்லாது பக்கமாகக் கழியும். தென்மேற்கில் அடுப்பு வைப்பின் கச்சான் அதனைக் கூரைமேற் கொணரும். வடகிழக்கில் வைப்பின் வாடை கொணரும். நூல் செய்தோர் இக்கரையை எண்ணிச் செய்தனர் என்பதற்கில்லை. ஆயினும் இக்கரையில் அந்நூல் தவறவில்லை. இங்கு அதனைக் கைக்கொண்டோர் அதனால் நன்மையே பெற்றனர்.

இனிக் களஞ்சியம். கொட்டியாரக் குடாவில் 1660 ஏப்பிரலிற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, பத்தொன்பது ஆண்டுக்குமேற் சிறையிருந்து தப்பிச்சென்று, 1681-இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில், தாம் கண்ட நாட்டுப்புற வீடுகளில் மட்பாண்டங்கள் பிரம்பால் முடைந்த உறிகளில் வீட்டின் நடுவே தொங்கியமையையும், தட்டுகள் எவையும் இல்லாமையையும் குறித்தார். நெல் குத்தும் உலக்கையையும் உரலையும், தேங்காய் துருவும் கருவியையும், மிளகும் மஞ்சளும் அரைக்கும் அம்மியையும் அவர் எண்ணிச் சொல்கிறார். அவர் கூறியது பெரும்பாலும் கண்டி நாட்டுச் சிங்கள மக்கள் இல்லங்களைப் பற்றியதாம். ஆயினும் அப்பட்டியலிற் கண்ட ஒவ்வொன்றும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் வழங்கிய பொருளே. தட்டுகள் இல்லை என்று அவர் எழுதியதில் ஒரு குறை கூறும் தொனி உண்டு. கப்பலிற் பழகிய கண்ணுக்குத் தட்டின்மை வறுமையாகத் தோன்றிற்றுப் போலும். உறியின் நுட்பத்தை அவர் ஆராய்ந்திலர். தட்டிற்கு நான்கு பக்கமும் வழி; உறிக்கு ஒரு கயிறே வழி. எறும்பும் எலியும் பூனையும் அவ்வொரு கயிற்றைக் கடந்தே வருதல் வேண்டும். காற்று எல்லாப் பக்கமும் பாய்தலாற் பொருள் பூக்காது. நிலத்தில் இடமும் பிடியாது.

அடுப்பின்மேற் கட்டிய பரண் இதனினும் சிறந்த ஏற்பாடு. அடுப்பின் வெப்பமும் புகையும் வீணே கழியாமல், மேலே அடுக்கிய விறகை உலர்த்தின. கருவாட்டையும் புளியையும் விதைக்கு வைத்த பயற்றையும் பூச்சியினின்றும் காத்தன. கிடுகின் இடைவெளியாற் கசிந்து வெளியேறிய புகை கூரையிற் செல் பற்றாமலும் செய்தது. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அப்புகை செய்த கேடு வேறு. அதனைப் பின்னர்க் காணலாம். பானைகளைப் பிரிமணைமேல் ஒன்றன்மேலொன்றாக ஏற்றிய அடுக்கும், பனையோலைக் கடகங்களும், ஊறுகாய்ச் சாடிகளும், அரிசிப் பானையும் சுவரோரத்தில் நின்றன. நெல்லோ வீட்டினுள்ளேயே உயர்த்திய பலகைமேல் வைக்கப்பட்டது.

இத்துணைச் சேமிப்பு எதற்கு? காலமே விடை. திருகோணமலைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான நான்கு மாதத்திற் பெய்வது. அக்காலத்திற் கீழைக்கடல் கொந்தளித்தலால் மீன் அருகும். விறகு நனையும். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களிற் பெரும்போக நெல் வீட்டுக்கு வருவது மாசி, பங்குனியில். ஆகவே மழைக்காலம் என்பது முன்னைய விளைவை உண்டு பின்னைய விளைவுக்குக் காத்திருக்கும் காலம். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி உண்ணுமெனக் கொள்ளின், நான்கு மாதத்துக்கு 240 கிலோ வேண்டும். அஃதாவது 50 கிலோ கொண்ட ஐந்து மூட்டை. விறகு நாளுக்கு நான்கு கிலோவெனின் ஏறக்குறைய 480 கிலோ. அதனை நெருக்கி அடுக்கினும் 40 கன அடிக்குக் குறையாத இடம் வேண்டும். இவற்றோடு தேங்காய், கருவாடு, உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுக. அடுப்புக்கு வேண்டிய இடம் நாலடி. அடுப்பை எரியச்செய்யும் பொருளுக்கும் அடுப்பில் ஏறும் பொருளுக்கும் வேண்டிய இடம் அதற்குப் பலமடங்கு. பழைய மனைகளிற் பொருளின் அளவே முதலிற் கருதப்பட்டது. அடுப்பு எஞ்சிய மூலையில் அமைந்தது.

இன்னுமொரு தேவையை வெளியார் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. சைவ இல்லங்களில் மச்சம் சமைக்கும் சட்டி வேறு, மரக்கறி சமைக்கும் சட்டி வேறு. வெள்ளிக்கிழமையும் கந்தசட்டியும் கோணேசர் திருவிழாவும் வரும்போது ஒரு தொகுதிக் கலங்கள் ஒதுக்கப்பட்டு மற்றொரு தொகுதி இறக்கப்படும். அகப்பையும் அவ்வாறே, சில வீடுகளில் அடுப்பின் வாயும் வேறு. ஆகவே கலங்கள் வைக்கும் இடம் இரட்டிப்பாக வேண்டும் என்பதோடு, அவ்விரண்டும் ஒன்றோடொன்று படாமலும் இருத்தல் வேண்டும். மீன் கழுவுதல் அடுக்களையினுள் நிகழாது கிணற்றடியில் நிகழ்ந்ததும் இதனாலேயே. சமையல் என்பது நான்கு சுவருள் முடியும் ஒரு தொழிலாக இங்கு ஒருபோதும் இருந்ததில்லை. கிணற்றடி, உரலடி, அம்மியடி, அடுப்படி என அது முற்றம் முழுவதும் விரிந்து கிடந்தது.

இவ்வாறு விரிந்து கிடந்த அடுக்களைக்கு நேர்மாறான ஒன்று சில நூறு முழத் தூரத்தில், துறைமுக நீரின்மேல், நூற்றாண்டுகளாக வந்து போய்க்கொண்டிருந்தது. அதுவே கப்பற்குசினி. ஆங்கிலேயர் 1795-இல் திருகோணமலையைக் கைப்பற்றினர்; 1957 வரை அவர்தம் கடற்படை இங்குத் தங்கிற்று. மரக்கப்பற் காலத்தில் நூற்றுக்கணக்கான மாலுமிகளுக்கு வேண்டிய உணவு முழுவதும் ஒரேயொரு அடுப்பில் ஆக்கப்பட்டது. அடுப்பு செங்கல்மீதோ இரும்பாலோ அமைந்தது; அவ்விடமன்றி வேறெங்கும் சமையற்றீ மூட்டக் கட்டளையில்லை. ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் இடம். கை நீட்டும் தூரத்தில் எல்லாம். ஆயின் இச்சிறுமை கண்டு வியப்போர் ஒன்றை மறத்தலாகாது. அக்குசினி சிறிதாயிருந்தது, கப்பலின் அடிவயிறு பெரிதாயிருந்தமையால். நீர்ப் பீப்பாய்களும் உப்பிட்ட இறைச்சிப் பீப்பாய்களும் அடித்தளத்தில் நிரையாகக் கிடந்தன, ரொட்டிக்குத் தனியறை, மதுவுக்குத் தனியறை, அவற்றை அளந்து கொடுக்க ஓர் அதிகாரி. மாதக்கணக்கான பொருளைச் சுமந்த பண்டகசாலையின் மேல் அமர்ந்ததே அச்சிறு குசினி.

உலகெங்கும் இன்று பரவியுள்ள புதுமுறைச் சமையலறையின் முன்னோடி இக்கப்பற்குசினியே என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவிற் கதரின் பீச்சர் என்னும் கல்வியாளர் தம் தங்கையாராகிய ஹரியற் பீச்சர் ஸ்ரோவோடு சேர்ந்து 1869-இல் வெளியிட்ட மனையியல் நூலில், நீராவிக் கப்பலொன்றின் குசினி இருநூறு பேருக்குச் சமைக்கும் கருவி அனைத்தையும் ஒரு சிற்றறையுள் அடக்கியிருத்தலை எடுத்துக்காட்டி, வீட்டுப் பெண்கள் வீணே நடந்து களைத்தலைக் கண்டித்தார். அவர் வகுத்த படத்தில் அடுப்பு தனியறையில் நின்றது. மாப்பீப்பாய்க்கு உரிய அறையும் பிற பொருள்களுக்கு உரிய தட்டுகளும் வேலை செய்யும் பலகையை ஒட்டியே குறிக்கப்பட்டன. அஃதாவது கப்பலைப் பின்பற்றியபோது அதன் பண்டகசாலையையும் அவர் மறந்திலர்.

மறதி பின்னரே நேர்ந்தது. முதல் உலகப்போருக்குப்பின் வீட்டுப் பஞ்சத்தால் வாடிய ஜேர்மனியின் பிராங்க்போட் நகரில், ஏர்ன்ஸ்ற் மே என்பார் தலைமையில் எழுந்த குடியிருப்புகளுக்காக மார்கரெற்ற சூற்ற-லிகொற்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926-இல் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். புகையிரத உணவு வண்டியின் குசினி அதற்கு மாதிரி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த அலுமினிய அறைகளும், பூச்சி அணுகாமைப்பொருட்டு ஓக் மரத்தாற் செய்த மாப்பெட்டியும் அதிலிருந்தன. நுண்ணிய அறிவின் பயன் அது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வறைகளின் கொள்ளளவு சில நாளுக்கு உரியது. தெருமுனையிற் கடையுள்ள நகரத்துக்கு அது போதும். அதனை வகுத்தகாலைத் தாம் வீட்டுச் சமையலிற் பழகியவரல்லர் என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒளியாது கூறினார். 1940-களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தார் அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்ப்பெட்டி என்னும் மூன்றையும் முக்கோணமாக வைத்து, ஒவ்வொரு பக்கமும் நாலடிக்குக் குறையாமலும் ஒன்பதடிக்கு மேற்படாமலும் அமைக்கும் விதியைப் பரப்பினர். குளிர்ப்பெட்டியே களஞ்சியம் என்று ஆகிவிட்டது அவ்விதியில். அம்மிக்கும் திருவலைக்கும் அரிசி மூட்டைக்கும் முக்கோணத்தில் இடமில்லை.

இலங்கையிற் களஞ்சியம் சுருங்கியதற்கு மேனாட்டு விதி மட்டுமே காரணமன்று. இரண்டாம் உலகப்போரில், யப்பானியர் 1942 ஏப்பிரல் 9-ஆந் தேதி திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கிய அவ்வாண்டில், பர்மா அரிசி வரவு நின்றது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. போர் முடிந்தபின்னரும் பங்கீட்டு அரிசி மூன்று தசாப்தத்துக்கு மேலாகத் தொடர்ந்தது. கூப்பனைக் காட்டிச் சங்கக்கடையிற் கிழமைதோறும் அரிசி பெறும் நகரத்தார்க்கு நான்கு மாதத்துக்குச் சேமிக்கும் தேவை குறைந்தது. வீட்டுக் களஞ்சியத்தின் தொழிலை அரசின் களஞ்சியம் மேற்கொண்டது எனலாம். நகர வீடுகளில் ஓடும் சீமெந்தும் வந்தபின் தீயச்சமும் குறைந்தது. அடுக்களை மெல்ல மெல்லத் தலைவீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதும் புகை வீட்டுள் வந்தது. கிடுகின்வழி கசிந்த புகை ஓட்டின்கீழ் நின்றது. விறகுப் புகையாற் பெண்களின் கண்ணும் நுரையீரலும் கெடுதல் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றே. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த எஸ். பி. ராஜு என்பார் புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பை வகுத்து, புகையில்லாச் சமையலறைகளைப் பற்றிய நூலொன்றை 1953-இற் சென்னையில் வெளியிட்டார். இலங்கையில் 1980-களில் உருவாகிப் பரவிய அனகி அடுப்பு வேறு வழியை மேற்கொண்டது. ஒரே தீயிற் பக்கத்துக் கலமும் வேகுமாறு சுட்ட மண்ணால் ஒரே துண்டாக அது செய்யப்பட்டது. தமிழர் அடுக்களையிற் பழமையாக வழங்கிய கொடியடுப்பின் கருத்தும் அதுவேயாதலின், இக்கரைப் பெண்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிருத்தற்கில்லை. புகையைக் குறைத்தலில் இவை ஓரளவே வென்றன. அடுப்பைத் திருத்தியோர் அடுப்பு நிற்கும் அறையைத் திருத்தாமை இதற்கு ஒரு காரணம்.

அறையையும் புதிதாக வகுக்கும் வாய்ப்பு, பெருந்துயரின் பின்னரே இம்மாவட்டத்துக்குக் கிட்டியது. உள்நாட்டுப் போரில் மூதூர் கிழக்கு, சம்பூர் முதலிய ஊர்களின் வீடுகள் அழிந்தன. 2004 டிசம்பர் 26-ஆந் தேதி ஆழிப்பேரலை கரையோரக் குடிகளை வாரிச்சென்றது. அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்கு உட்பட்ட நிலத்தில் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. புதிய வீடுகளுக்கு 500 சதுர அடி குறைந்த அளவாகக் கொள்ளப்பட்டது. போர் முடிந்தபின் இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் 2012 ஒக்டோபரிற் பெருமளவில் தொடங்கிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டு, உரிமையாளர் தாமே கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. கூரையிழந்தோர்க்கு இவை உற்றுழி உதவிய பேருதவிகள். அவ்வுதவியைக் குறைத்து மதித்தல் அறமன்று.

எனினும் ஆழிப்பேரலைக்குப் பின் பிறர் வரைந்துகொடுத்த படத்தின்படி எழுந்த வீடுகளிற் சமையலறை பெற்ற இடம் நோக்கத்தக்கது. வரவேற்பறையும் படுக்கையறைகளும் வகுத்தபின் எஞ்சிய மூலை அதற்குக் கிடைத்தது. சிறிய சாளரம், இடுப்பளவு உயர்ந்த சீமெந்துத் திட்டு, பல வீடுகளிற் புகைபோக்கி இல்லை. விறகு வைக்க இடமில்லை. நெல் வைக்க அறையில்லை. உறி கட்ட வளையில்லை. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் குடும்பங்களுள் நாலில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை விறகாற் சமைப்பனவாகக் காணப்பட்டன என்பதை இதனோடு ஒப்புநோக்குக. விறகடுப்புக்காரரின் கையில் வாயு அடுப்புக்காரரின் அறை கொடுக்கப்பட்டது. மக்கள் செய்தது யாது? வீட்டின் பின்புறத்திற் கிடுகாலோ தகரத்தாலோ ஒரு கொட்டிலை இறக்கி, அடுப்பை அங்கே கொண்டுசென்றனர். உள்ளேயிருந்த சமையலறையில் அரிசி மூட்டையும் தேங்காயும் மீன்வலையும் மிதிவண்டியும் அடுக்கப்பட்டன. இதனைக் கண்ட வெளியார் சிலர், கொடுத்ததைப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று முணுமுணுத்ததும் உண்டு. உண்மையில் நிகழ்ந்தது ஒரு திருத்தம். படம் வரைந்தோர் மறந்த களஞ்சியத்தை, அவ்வீட்டுப் பெண்கள் சொல்லாமலே மீட்டனர். உரிமையாளரே கட்டிய முறையில் இத்திருத்தத்துக்கு இடம் அதிகம்; ஆயினும் பணம் அளவானமையால் அங்கும் இறுதியிற் கட்டப்படுவது பெரும்பாலும் குசினியே.

நகரத்தில், உவர்மலையிலும் உட்டுறைமுக வீதிப் பக்கத்திலும், வசதியுள்ளோர் தம் பழைய குசினிகளை இடித்துப் புதுக்கும் வழக்கம் இதே காலத்திற் பெருகிற்று. நிலத்திற் பளிங்கோடு, சுவர் முழுவதும் கதவிட்ட அலுமாரி, நடுவே வாயு அடுப்பு. இதற்குப் பான்ட்ரி என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் ரொட்டி வைக்கும் அறை என்னும் பொருளிற் பிறந்து, களஞ்சிய அறை என வழங்குவது. போர்த்துக்கேயர் தந்த பாண் என்னும் சொல்லும் அதே இலத்தீன் வேரினின்று வந்ததே. இலங்கையிலோ, களஞ்சியமில்லாத குசினிக்குக் களஞ்சியத்தின் பெயர் வாய்த்தது. விந்தை அஃதன்று. இடித்தோர் பழைய அடுப்பையும் அதன்மேற் பரணையும் சேர்த்தே இடித்துவிட்டனர்.

அதன் விலை 2022-இல் தெரியவந்தது. அந்நியச் செலாவணி வற்றிய அவ்வாண்டில் வாயு உருளை கிடைப்பது அரிதாயிற்று. 12.5 கிலோ கொண்ட உருளையொன்று 2021 ஒக்டோபரில் 2,675 ரூபாவாகவும், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாகவும் ஏறிற்று. அவ்விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நாட்கணக்கிற் காத்துநின்றனர். மண்ணெண்ணெய்க்கும் அதே நிலை. இத்தனைக்கும் சீனன்குடாக் காட்டினுள், இரு உலகப்போர்க்கு இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்வது. அவ்வாண்டு சனவரியிலேதான் அவற்றைப் பங்கிட்டு நடத்துதற்கு இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடந்தன. ஆசியாவின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று அருகிலிருக்க, அதன் நிழலில் வாழ்ந்த குடும்பங்கள் ஒரு கலம் சோற்றுக்கு எரிபொருளின்றித் தவித்தன.

அம்மாதங்களிற் பளிங்கோடு பதித்த குசினியையுடையோர் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தனர். மழை வந்தால் அதுவும் இல்லை. பின்புறத்துக் கொட்டிலை இடியாது வைத்திருந்தோர் பரணிலிருந்து விறகை இறக்கினர். அதன்பின் இம்மாவட்டத்திற் புதுக்கப்படும் வீடுகள் பலவற்றில் இரண்டு குசினிகள் குறிக்கப்படுகின்றன: வாயு அடுப்போடு கூடியது வீட்டுள்ளே, விறகடுப்பும் அம்மியும் திருவலையும் கொண்டது பின்புறத்தே, பெரும்பாலும் கிணற்றை நோக்கி. மச்சச் சட்டிகள் அங்கேயே தங்குகின்றன. இரண்டுக்கும் இடையில், மூன்று மூட்டை அரிசி கிடத்தக்க ஒரு சிற்றறையைச் சிலர் விடுகின்றனர்; பலர் அவ்விடத்தைக் குளியலறைக்குக் கொடுத்துவிடுகின்றனர்.